கடைக்கணக்கும் இணையக்கடையும்: கண்டிச் சிறுவணிகங்களின் விற்பனை வரியும் இணையத்தளத் திட்டமிடலும்

உள்நாட்டு வணிகர் ஒருவர் கடைமேசையில் விற்ற பொருளையும் இணையத்தின் வழியே விற்ற பொருளையும் இலங்கையின் விற்பனை வரிச் சட்டங்கள் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கண்டி திருகோணமலை வீதியில் ஒருவர் ரொக்கத்துக்கு விற்கும் கறுவாவும், அதே வணிகர் தமது இணையத்தளத்தில் பெற்ற கட்டளைக்கு யாழ்ப்பாணத்துக்கோ மாத்தறைக்கோ அனுப்பி வைக்கும் கறுவாவும் ஒரே வருமானக் கணக்கில் ஒரே வரி எல்லைக்குள் அடங்குகின்றன. ஆயினும் சிறுவணிகர் பலர் இணைய விற்பனையைக் கடைக்கணக்குக்குப் புறம்பான சில்லறை வரவாகவே கருதுகின்றனர். இணையத்தளம் அமைக்கும்போது படங்களையும் நிறங்களையும் பற்றி நெடுநேரம் பேசுவோர், விற்பனைப் பதிவு எவ்வாறு சேமிக்கப்படும், விலைக்குள் வரி எவ்வாறு காட்டப்படும் என்ற வினாக்களை எழுப்புவதே இல்லை. இணையத்தளத் திட்டமிடலின் முதற்படி கணக்குத் திட்டமிடலே என்பதையும், வரிப் பதிவுக்கான விற்பனை எல்லையைத் தொடுவதற்கு முன்பே அத்திட்டம் செய்யப்பட வேண்டும் என்பதையும் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கண்டி வணிகத்தின் இயல்பு

மத்திய மாகாணத்தின் தலைநகராகிய கண்டி, 1988 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தலதா மாளிகையை நாடி வருவோரை நம்பியே நகரின் சில்லறை வணிகத்தில் பெரும்பகுதி நடைபெறுகிறது. நத்தரம்பொத்தயின் பித்தளை, வெள்ளி வேலைப்பாடுகள், ஹேனவலயில் நெய்யப்படும் தும்பறைப் பாய்கள், நகரைச் சூழ்ந்த கூடங்களின் பத்திக் துணிகள், கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வாசனைத் திரவியங்கள், 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையின் வழிவந்த தேயிலை ஆகியன இப்பிரதேசத்தில் சிறுவணிகர் கையாளும் முதன்மைப் பொருள்கள். இவற்றுட் பெரும்பாலானவை எடை குறைந்தவை, பொதி செய்ய எளியவை, ஊரின் பெயராலேயே விலை பெறுபவை. ஆகவே இணைய விற்பனைக்கு இயல்பாகவே ஏற்றவை.

இவ்வணிகத்தின் மற்றோர் இயல்பு அதன் பருவத்தன்மையாகும். எசல பெரஹரா நடைபெறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், புத்தாண்டை ஒட்டிய ஏப்ரலிலும், வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும் டிசம்பரிலும் விற்பனை பெருகி ஏனைய மாதங்களில் தணிகிறது. வரி எல்லை காலாண்டு அடிப்படையிலும் கணிக்கப்படுவதால், இந்த ஏற்றத்தாழ்வுக்கு வரிச் சட்டத்தில் நேரடியான விளைவு உண்டு என்பது பின்னர் விளக்கப்படும்.

மாகாணத்திலிருந்து மத்திக்கு: விற்பனை வரியின் போக்கு

விற்பனை வரி என்பது பொருளோ சேவையோ கைமாறும்போது விதிக்கப்படும் மறைமுக வரியாகும்; அதன் சுமை இறுதியில் நுகர்வோரைச் சேர்கிறது, அதை அறவிட்டு அரசுக்குச் செலுத்தும் கடமை வணிகரைச் சேர்கிறது. இலங்கையில் இவ்வரி நெடுங்காலம் புரள்வு வரியாக, அதாவது மொத்த விற்பனைத் தொகையின் மீதான வரியாக இருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரியின் மேல் வரி ஏறும் குறைபாடு அதற்கு இருந்தமையால், 1998 ஏப்ரல் 1 ஆம் திகதி 12.5 சதவீதப் பண்டங்கள், சேவைகள் வரி கொண்டுவரப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் அதன் இடத்தைப் பெறுமதி சேர் வரி பெற்றது. வணிகர் தமது கொள்வனவில் செலுத்திய வரியை (உள்ளீட்டு வரி) தமது விற்பனையில் அறவிட்ட வரியிலிருந்து (வெளியீட்டு வரி) கழித்து எஞ்சியதை மட்டும் செலுத்துவதே இம்முறையின் அடிப்படை.

இதற்கு இணையாக மாகாண மட்டத்திலும் ஒரு வரி இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மொத்த, சில்லறை விற்பனைகள் மீது குறித்த எல்லைக்குள் புரள்வு வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. 2011 தொடக்கத்தில் மாகாணப் புரள்வு வரி கைவிடப்பட்டு, மத்திய அரசின் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. அவ்வரியும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. இணைய வணிகம் வளர்ந்த காலத்தில் மாகாண வரி இல்லாது போனமை கண்டி வணிகருக்கு ஒரு பெருஞ்சிக்கலைத் தவிர்த்தது எனலாம். அந்தச் சிக்கல் எத்தகையது என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. அங்கே விற்பனை வரி மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. மாநிலத்தினுள் கடையோ களஞ்சியமோ இல்லாத விற்பனையாளரிடம் வரி அறவிடும் கடமையைச் சுமத்தலாகாது என்று 1992 ஆம் ஆண்டின் குவில் வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பை, 2018 ஜூன் 21 ஆம் திகதி வேஃபெயர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாற்றியது. மாநிலத்தினுள் 100,000 டொலர் விற்பனையோ 200 கொடுக்கல்வாங்கல்களோ இருந்தால் போதும் என்ற தென் டகோட்டாவின் விதியை ஏனைய மாநிலங்களும் பல்வேறு அளவுகளில் பின்பற்றத் தொடங்க, சிறு இணையக்கடைகள் பல மாநிலங்களின் வீதங்களையும் எல்லைகளையும் ஒருங்கே கண்காணிக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் கண்டியிலிருந்து எந்த மாகாணத்துக்கு அனுப்பினாலும் வீதம் ஒன்றே, சட்டம் ஒன்றே, பதிவு ஒன்றே.

இன்றைய வரிகளும் எல்லைகளும்

இடம் பற்றிய குழப்பம் இல்லாதபோதும், காலம் பற்றிய குழப்பம் இலங்கை வணிகருக்கு உண்டு. 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, 2022 ஜூனில் 12 சதவீதமாகவும் அவ்வாண்டு செப்டெம்பரில் 15 சதவீதமாகவும் 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. பதிவு எல்லையும் இவ்வாறே அசைந்தது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாவாக இருந்த எல்லை 2020 தொடக்கத்தில் 30 கோடியாக உயர்த்தப்பட்டு, பொருளாதார நெருக்கடியின் பின் 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் தாழ்த்தப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இதை 3.6 கோடியாக மேலும் தாழ்த்த முன்மொழிந்தது. ஏறத்தாழ நான்கே ஆண்டுகளில் வீதம் நான்கு முறை மாறியிருப்பதும், 2022 முதல் எல்லை தொடர்ந்து கீழ்நோக்கி வந்திருப்பதும் சிறுவணிகர் தமது திட்டத்தில் கணக்கிலெடுக்க வேண்டிய உண்மைகள்.

பெறுமதி சேர் வரியுடன் 2022 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் உண்டு. 2.5 சதவீதமான இவ்வறவீட்டில், மொத்த, சில்லறை வணிகருக்குப் புரள்வின் பாதியும், உற்பத்தியாளருக்கு 85 சதவீதமும், சேவை வழங்குநருக்கு முழுத்தொகையும் கணிப்புக்கு எடுக்கப்படுகின்றன. இதில் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. எனவே இது பழைய புரள்வு வரியின் குணத்தைப் பெருமளவு கொண்டிருக்கிறது. பிறரிடம் வாங்கி விற்கும் பத்திக் கடைக்கும், தானே சாயமிட்டு உற்பத்தி செய்யும் பத்திக் கூடத்துக்கும் ஒரே விற்பனைத் தொகையில் வேறுபட்ட சுமை விழுவதற்குக் காரணம் மேற்கூறிய கணிப்பு விகித வேறுபாடே.

இவ்விரண்டு வரிகளின் பதிவு எல்லைகளுக்கும் கீழே உள்ள வணிகர் வரியிலிருந்து முற்றாக விடுபட்டவர் அல்லர். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின்படி வணிக இலாபத்துக்கு வருமான வரி உண்டு. தனிநபருக்கான ஆண்டு விடுவிப்பு 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபாவாகும். மார்ச் 31 இல் முடியும் மதிப்பீட்டு ஆண்டுக்கான விவரத்திரட்டு அடுத்த நவம்பர் 30 ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். இலாபத்தைக் காட்டுவதற்கு வரவும் செலவும் ஆவணங்களால் உறுதிப்பட வேண்டுமென்பதால், மிகச்சிறிய இணையக்கடைக்கும் பதிவேடு தவிர்க்க முடியாதது.

எல்லையை அளக்கும் முறை

ஆண்டுக்கு 6 கோடி ரூபா என்பது முதற்பார்வைக்குப் பெருந்தொகையாகத் தோன்றும். மாதத்துக்கு அது 50 இலட்சம், 3.6 கோடி எல்லையானால் மாதத்துக்கு 30 இலட்சம், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம். இலாப விகிதம் குறைந்த மளிகை, வாசனைத் திரவிய, மின்பொருள் வணிகங்களில் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் ரூபா விற்பனை எளிதில் எட்டக்கூடியதே. அவ்விற்பனையில் வணிகருக்கு எஞ்சுவது சிறுதொகையாக இருந்தாலும் எல்லை இலாபத்தைப் பார்ப்பதில்லை, புரள்வையே பார்க்கிறது.

இங்கே மூன்று தவறான கணிப்புகள் வழக்கமாக நேர்கின்றன. முதலாவது, விற்பனை வழிகளைத் தனித்தனியே எண்ணுவது. பதிவுக் கடமை நபரையோ கம்பனியையோ சார்ந்தது. கடை, இணையத்தளம், முகநூல் பக்கம், டராஸ் போன்ற இணையச் சந்தை ஆகியவற்றில் ஒருவர் விற்பவை அனைத்தும் ஒன்றாகவே கூட்டப்பட வேண்டும். இரண்டாவது, கைக்கு வந்த தொகையை விற்பனையாகக் கொள்வது. பொருள் கையளிக்கும்போது பணம் பெறும் முறை இலங்கை இணைய வணிகத்தில் பரவலாக உள்ளது; விநியோக நிறுவனம் தனது கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வணிகரின் வங்கிக் கணக்கில் இடுகிறது. இணையச் சந்தையும் தனது தரகைக் கழித்தே தருகிறது. வாங்குநர் பொருளுக்குச் செலுத்திய முழு விலையே விற்பனை; கழிக்கப்பட்டவை செலவுகள். வங்கிக் கூற்றை மட்டும் நம்பிக் கணக்கெழுதுபவர் தமது புரள்வைக் குறைத்து எழுதுவதோடு, கழிக்கத்தக்க செலவுகளையும் இழந்துவிடுகிறார். மூன்றாவது, ஆண்டுக் கூட்டலை மட்டும் பார்ப்பது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியில் ஆண்டுக்கு 6 கோடி அல்லது ஒரு காலாண்டில் 1.5 கோடி என இரு அளவுகள் உள்ளன. ஆண்டு முழுவதும் 4 கோடிக்கு விற்கும் கண்டிக் கடையொன்று, பெரஹராக் காலாண்டில் 1.6 கோடிக்கு விற்றால் ஆண்டு எல்லைக்குள் நின்றபடியே காலாண்டு எல்லையைக் கடந்துவிடுகிறது. பருவ வணிகம் செய்யும் நகரத்தில் இதுவே மிகவும் கவனிக்க வேண்டிய இடம்.

எல்லையைக் கடந்த பின்னும் பழைய விலையையே வைத்திருப்பவரின் நிலையை ஒரு கணக்கால் விளக்கலாம். இணையத்தளத்தில் 1,000 ரூபா எனக் காட்டிய பொருளை வரி உட்பட்ட விலையாகவே விற்றால், அதில் 118 இல் 18 பங்கு, அதாவது 152.54 ரூபா, அரசுக்குரியது. அப்பொருளில் வணிகருக்கிருந்த இலாபம் 150 ரூபாவானால், கொள்வனவில் கழிக்கத்தக்க உள்ளீட்டு வரியும் இல்லாதபோது, அவர் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் நட்டமடைகிறார். சிறு உற்பத்தியாளரிடமும் கைவினைஞரிடமும் வாங்கும் கண்டி வணிகருக்குக் கழிக்க உள்ளீட்டு வரி மிகக் குறைவாகவே இருக்கும். அவருக்குப் பொருள் தருபவர் பெரும்பாலும் பதிவு பெறாதவர். பதிவு பெற்ற விடுதிகளுக்கு விற்பவருக்கோ நிலைமை மறுதலையானது: அவ்விடுதிகள் தாம் செலுத்தும் வரியைக் கழித்துக்கொள்ள இயலுமென்பதால் வரி விலைச்சிட்டை தரக்கூடிய வணிகரையே விரும்புகின்றன. யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தே வரியின் தாக்கம் அமைகிறது. ஆகவே அந்த விவரம் விற்பனைப் பதிவிலேயே இருக்க வேண்டும்.

வரியை உட்கொண்ட இணையத்தளம்

மேற்கூறியவற்றிலிருந்து இணையத்தளத்தின் அமைப்பு பற்றிய விதிகள் இயல்பாகவே பிறக்கின்றன. விலை, வரி வீதம், விநியோகக் கட்டணம், தள்ளுபடி ஆகிய நான்கும் தரவுத்தளத்தில் தனித்தனிப் புலங்களாகச் சேமிக்கப்பட வேண்டும். வரி வீதத்துக்கு அது நடைமுறைக்கு வரும் திகதியும் சேர்க்கப்பட்டால், வீதம் மாறும் நாளில் நூற்றுக்கணக்கான விலைகளைக் கையால் திருத்த வேண்டியதில்லை. பழைய கட்டளைகளின் கணக்கும் குலையாது. பதிவு பெறாத காலத்தில் அப்புலம் வெறுமையாக இருக்கும். பதிவு பெற்ற நாளில் நிரப்பப்படும். பதிவு பெறாத ஒருவர் பெறுமதி சேர் வரி என்று தனித்தொகை அறவிடுவது சட்டவிரோதமாகையால், வார்ப்புருக்களுடன் வரும் தானியங்கி வரிக் கணிப்பை அப்படியே விட்டுவிடும் இணையத்தளங்கள் வணிகரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் இடைவெளியற்ற தொடர் இலக்கம், திகதி, வாங்குநர் வகை, அனுப்பிய இடம், பணம் பெற்ற வழி ஆகியன பதிவாக வேண்டும். இரத்தான கட்டளை அழிக்கப்படாமல் இரத்தானது எனக் குறிக்கப்பட வேண்டும். திரும்பி வந்த பொருளுக்கு வரவுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். மாத இறுதியில் இப்பதிவுகளைக் கணக்காளர் பயன்படுத்தத்தக்க அட்டவணையாக இறக்க முடிய வேண்டும். வரிச் சட்டங்கள் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் பேணக் கோருவதால், இணையத்தளத்தை வடிவமைத்தவரோ அதைத் தாங்கும் சேவையோ மாறினாலும் பதிவுகள் வணிகரிடமே எஞ்சும் வகையில் படியெடுத்து வைக்கப்பட வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்வடிவப் பதிவுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் சட்ட ஏற்பு அளித்திருப்பதால், ஒழுங்காகப் பேணப்பட்ட இணையப் பதிவு தாட்பதிவுக்கு நிகரான மதிப்புடையது.

தளத்தின் பெயரும் திட்டத்தின் ஒரு பகுதியே. எல்.கே. ஆட்கள முகவரிகளை வழங்கும் பதிவகம் 1990 முதல் இயங்கி வருகிறது; தமிழில் ‘.இலங்கை’ என முடியும் முகவரிக்கும் 2010 ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கிடைத்தது. மும்மொழியும் வழங்கும் கண்டியில் தமிழ் முகவரியும் தமிழ்ப் பக்கமும் வணிகப் பயன் உடையவை. எந்த முகவரியானாலும் அது பிரதேச செயலகத்தில் பதிவுசெய்த வணிகப் பெயருக்கும் உரிமையாளரின் பெயருக்கும் உரியதாக இருத்தல் வேண்டும். வடிவமைப்பாளரின் பெயரில் பதிவான முகவரி வணிகருக்குச் சொந்தமானதன்று. வாங்குநரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சேகரிக்கப்படும்போது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கிணங்க, தேவைப்படும் விவரங்களை மட்டும் பெறுவது தகும்.

முகநூல் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும் இருக்க, தனித்தளம் எதற்கு என்ற வினாவுக்கு விடை கண்டியின் அண்மை வரலாற்றிலேயே உள்ளது. 2018 மார்ச்சில் திகனவிலும் கண்டி மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் 2022 ஏப்ரலிலும் இத்தகைய முடக்கங்கள் நிகழ்ந்தன. அப்பக்கங்களை மட்டும் நம்பிய வணிகர் அந்நாட்களில் வாடிக்கையாளரையும் தமது கட்டளைப் பதிவுகளையும் ஒருங்கே எட்ட முடியாதவராயினர். சமூக ஊடகம் வாடிக்கையாளரை அழைத்து வரட்டும்; விற்பனை பதிவாகும் இடம் வணிகரின் கட்டுப்பாட்டில் இருக்கட்டும்.

கடல்கடந்த வாங்குநர்

புலம்பெயர்ந்தோரும் சுற்றுலா வந்து திரும்பியோரும் கண்டிப் பொருள்களுக்கு வெளிநாட்டுச் சந்தையாக உள்ளனர். ஏற்றுமதி செய்யப்படும் பொருளுக்குப் பெறுமதி சேர் வரி பூச்சிய வீதத்தில் விதிக்கப்படுகிறது. பூச்சிய வீதம் என்பது விலக்களிப்பிலிருந்து வேறுபட்டது: விலக்களிக்கப்பட்ட பொருளை விற்பவர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது, பூச்சிய வீதப் பொருளை விற்கும் பதிவு பெற்ற வணிகர் பெறலாம். அதேவேளை பூச்சிய வீத விற்பனையும் வரிக்குட்பட்ட விற்பனையாகையால் பதிவு எல்லைக் கணிப்பில் சேரும். ஏற்றுமதி நடந்ததற்கான அஞ்சல், சுங்க ஆவணங்கள் கட்டளை இலக்கத்தோடு இணைத்துப் பேணப்படாவிடில் இச்சலுகையை நிலைநாட்ட முடியாது. வணிக ரீதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்வோர் இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவையும் பெற வேண்டும்.

வாங்குநரின் நாட்டிலும் வரி உண்டு. பிரித்தானியா 2021 ஜனவரி 1 முதல், 135 பவுணுக்கு மேற்படாத பொதிகளுக்கு விற்பனை நேரத்திலேயே வரி அறவிடும் கடமையை வெளிநாட்டு விற்பனையாளருக்கோ இணையச் சந்தைக்கோ விதித்துள்ளது. அங்கே தேயிலைக்குப் பூச்சிய வீதமும் பித்தளை விளக்குக்கு 20 சதவீதமும் பொருந்துவதால், ஒரே பொதியில் இரு வீதங்கள் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் 150 யூரோ வரையான பொதிகளுக்கு இதையொத்த முறையைக் கொண்டுவந்தது. ஐக்கிய அமெரிக்கா, 800 டொலர் வரையான பொதிகளுக்கு அளித்த சுங்கத் தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. ஆகவே வெளிநாட்டுக் கட்டளை ஏற்கும் தளம், சேருமிடத்து வரியைச் செலுத்துபவர் யார் என்பதைப் பணம் பெறுவதற்கு முன்னரே தெளிவாகக் கூற வேண்டும். கூறாவிடில் பொதி சுங்கத்தில் தங்கித் திரும்பி வரும் செலவு வணிகரையே சேரும்.

மறுதிசையிலும் வரி வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் மின்தளங்கள் வழியே இலங்கையருக்கு வழங்கும் சேவைகளைப் பெறுமதி சேர் வரிக்கு உட்படுத்தும் திருத்தம் 2025 இல் சட்டமாயிற்று. 2025 ஒக்டோபர் 1 எனக் குறிக்கப்பட்ட அதன் தொடக்கம் பின்னர் 2026 ஏப்ரல் 1 க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இணைய விளம்பரம், தள வாடகை, மென்பொருள் சந்தா ஆகியவற்றுக்கு வெளிநாட்டு நிறுவனங்களைச் சார்ந்துள்ள சிறுவணிகரின் செலவில் இவ்வரி சேரும். உள்ளீட்டு வரியைக் கழிக்க வழியில்லாத, பதிவு பெறாத வணிகருக்கு அது முழுச்செலவாகும்.

முடிவுரை

சிறுவணிகருக்கு வரிச் சட்டம் அச்சமூட்டுவதற்குக் காரணம் அதன் வீதமன்று. தமது விற்பனை எவ்வளவு என்பதை உடனடியாகக் கூற முடியாத நிலையே. சந்தையில் நேர்மையாகப் பதிவு பெற்றவர் 18 சதவீதத்தைச் சேர்த்து விற்க, அதே அளவு விற்கும் மற்றொருவர் கணக்கின்றி விற்பது முன்னவருக்கு இழைக்கப்படும் அநீதியாகும். எல்லை தாழத் தாழ இவ்வநீதி கூர்மையடையும். இதைத் தீர்ப்பதில் அரசுக்கும் பங்குண்டு. வீதத்தையும் எல்லையையும் அடிக்கடி மாற்றுவதைத் தவிர்ப்பதும், மாற்றங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிய மொழியில் உரிய காலத்துக்கு முன்பே அறிவிப்பதும், மாவட்ட மட்டத்தில் கணக்குப் பயிற்சி அளிப்பதும் உண்ணாட்டரசிறைத் திணைக்களமும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து ஆற்ற வேண்டிய பணிகள். வணிகர் செய்ய வேண்டியதோ அவர் கையிலேயே உள்ளது. புதிய இணையத்தளம் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்குமுன், அதன் வடிவமைப்பாளரையும் தமது கணக்காளரையும் ஒரே மேசையில் அமர்த்தி, காலாண்டின் மொத்த விற்பனையைத் தளம் எவ்வாறு காட்டும் என்று கேட்க வேண்டும். அவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே நிறங்களையும் படங்களையும் தெரிவு செய்வது முறையாகும்.